விட்டு நீங்கிய பெருமை

"பதவியைப் பெறுதல் அரிதா, காத்தல் அரிதா?" என மாணவர் ஒருவர் எம்மை வினவினார். "உரிய காலத்தில் விடுதலே அரிது" என்றோம். அதற்குச் சான்றாவார் ஐக்கிய அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன்.

1789இல் அவர் பதவியேற்றபோது பின்பற்றத்தக்க முன்மரபு யாதும் இருந்ததில்லை. அரசியல் யாப்பிலே மந்திரிசபை என்ற பெயரே இல்லை. திணைக்களத் தலைவர்களை ஒருங்கழைத்து ஆலோசிக்கும் வழக்கத்தை அவரே நிலைநாட்டினார். 1793இல் பிரான்சும் பிரித்தானியாவும் பொருதபோது, விடுதலைப் போரில் துணைநின்ற பிரான்சின் பக்கமும் சாராது நடுநிலை சாற்றினார். நன்றி மறந்தார் எனச் சிலர் பழித்தனர், அவர் அசைந்தாரல்லர். அந்நிய நாடுகளுடன் நிரந்தரக் கூட்டு வேண்டாவென 1796இல் பத்திரிகையில் வெளியான தமது விடைபெறு மடலிலும் அறிவுறுத்தினார். 1949இல் வட அத்திலாந்திக் உடன்படிக்கை கைச்சாத்தாகும் வரை, சமாதான காலத்தில் ஐரோப்பாவுடன் இராணுவக் கூட்டுச் சேராமை அந்நாட்டின் நெறியாயிற்று.

இவையனைத்தினும் மேலானது அவர் விலகிய செயல். எச்சட்டமும் தடுக்கவில்லை, ஆயினும் இரு தவணைகள் முடிந்ததும் 1797இல் பதவி நீங்கித் தம் பண்ணைக்கு மீண்டார். அம்மரபு நூற்றாண்டுக்கு மேல் நின்றது. 1940இல் பிராங்கிளின் ரூஸ்வெல்ற் மூன்றாம் முறை வென்று அதனைக் கடந்தார். அதன் பின்னரே, 1951இல், இருமுறை எல்லை அரசியல் யாப்பின் 22ஆவது திருத்தமாகச் சட்டமாயிற்று.

அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த வாஷிங்டனைக் குறையற்றவர் என யாம் கூறோம். எனினும் மாணவர்கள் ஒன்றை உளங்கொள்க: ஒருவர் தாமே வகுத்துக்கொண்ட எல்லை, ஒன்றரை நூற்றாண்டின் பின் ஒரு நாட்டின் சட்டமாயிற்று. ஆள்வோரின் அடக்கம் மரபாகும். அவ்வடக்கம் குன்றுமிடத்துச் சட்டமே காவலாகும்.