பாட்டிலுக்குள்ளே ஒரு பாயசம்

பாலைத் திரிய வைப்பது எது என்று கேட்டால், எலுமிச்சம்பழம் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். சாராயமும் பாலுக்கு அவ்வளவு நல்ல சிநேகிதன் அல்ல. பால் புளிக்கத் தொடங்கிவிட்டதா என்று பால் பண்ணைகளில் சோதிப்பதற்கே சாராயத்தைச் சேர்த்துப் பார்க்கிற வழக்கம் உண்டு. புளித்த பாலானால் உடனே திப்பி திப்பியாகிவிடும். அப்படியிருக்க, பாலேட்டையும் விஸ்கியையும் ஒரே பாட்டிலில் குடித்தனம் வைத்திருக்கிறார்களே, அது எப்படி?

அந்தக் கதையைக் கேளுங்கள். 1973-ஆம் வருஷம். அயர்லாந்தில் உள்ள ஒரு கம்பெனிக்காக ஏற்றுமதிக்கு ஏற்ற புதுப் பானம் ஒன்றை யோசித்துக் கொண்டிருந்தார்கள், லண்டனில் டேவிட் க்ளக்மன் என்பவரும் அவருடைய கூட்டாளியும். அயர்லாந்து என்றால் பாலும் வெண்ணெயும்தானே! விஸ்கியில் பாலேட்டைக் கலந்தால் என்ன? பக்கத்துக் கடைக்குப் போய் இரண்டையும் வாங்கி வந்து கலந்து பார்த்தார்கள். வாயில் வைக்க வழங்கவில்லை. சர்க்கரையும் சாக்லேட் பொடியும் சேர்த்த பிறகுதான் முகம் மலர்ந்தது. 1974-இல் அது 'பெய்லீஸ்' என்ற பெயரோடு கடைக்கு வந்தது. பெயர்கூட ஓர் உணவு விடுதியின் பலகையைப் பார்த்து வைத்ததுதான்!

ஆனால் அடுக்களையில் கலந்தது கடையில் நிலைத்து நிற்க வேண்டுமே? தொழிற்சாலையில் பாலேட்டை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி, அதிலுள்ள கொழுப்பைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்துவிடுகிறார்கள். பாலில் உள்ள புரதம் ஒவ்வொரு துளிக்கும் சட்டை போட்ட மாதிரி சுற்றிக் கொள்கிறது. துளியும் துளியும் ஒட்டுவதில்லை. மேலே மிதந்து வருவதுமில்லை. அதனால்தான் கடைப் பாட்டில் இரண்டு வருஷம் தாங்குகிறது. நம் வீட்டு மிக்ஸிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

இருந்தாலும் மேல்நாட்டு வீடுகளில் கிறிஸ்துமஸ் வந்தால் இதைத் தாங்களே செய்து, ரிப்பன் கட்டி, அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பது ரொம்பப் பிரசித்தம். செய்முறை சுலபம். 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க், 240 மில்லி கிரீம், 400 மில்லி விஸ்கி, ஒரு சிறு கரண்டி இன்ஸ்டன்ட் காப்பித் தூள், இரண்டு மேஜைக் கரண்டி சாக்லேட் சிரப், கொஞ்சம் வனிலா. மெதுவாகக் கலக்கினால் தீர்ந்தது வேலை. வேகமாக அடித்தால் கிரீம் வெண்ணெயாகத் திரண்டுவிடும். தயிர் கடைந்த கைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா என்ன?

பழைய குறிப்புகளில் மூன்று நான்கு பச்சை முட்டைகளையும் உடைத்து ஊற்றச் சொல்வார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். முட்டையில் ஸால்மொனெல்லா கிருமி இருந்தால், இந்த அளவுச் சாராயம் அதை உடனே கொன்றுவிடும் என்று நம்புவதற்கில்லை. முட்டை இல்லாவிட்டாலும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள், அதுவும் கிரீம் டப்பாவில் அச்சிட்ட தேதிக்கு முன்பாகவே, காலி செய்துவிட வேண்டும்.

காப்பி லிக்கர் இதைவிடச் சாது. மெக்ஸிகோவின் வெராக்ரூஸ் பிரதேசத்தில் 1936-இல் பிறந்த 'கலுவா' இந்த ஜாதியில் பேர் போனது. வீட்டில் செய்கிறவர்கள் 400 கிராம் சர்க்கரையை இரண்டு கப் தண்ணீரில் கொதிக்க வைத்து, அரைக் கப் இன்ஸ்டன்ட் காப்பித் தூளைக் கரைத்து, நன்றாக ஆறிய பிறகு 750 மில்லி வோட்கா சேர்ப்பார்கள். ஆறிய பிறகு என்பதைக் கோடிட்டு வைத்துக் கொள்ளுங்கள். சாராயம் 78 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அடுப்பு எரிகிற இடத்தில் அந்த ஆவி தீப்பற்றும். பிறகு ஒரு வனிலாக் காயைப் போட்டு மூடி, இருட்டான இடத்தில் மூன்று நான்கு வாரம் வைத்துவிட்டால் சரி. இதில் பால் இல்லை. ஊறுகாய்க்கு உப்பும் எண்ணெயும் காவல் இருப்பதுபோல் இதற்குச் சர்க்கரையும் சாராயமும் காவல். ஆகவே வெகு நாள் கெடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் பானங்களின் ஆபத்தே அவற்றின் இனிப்புதான். மேலே சொன்ன விஸ்கிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மொத்தம் ஏறக்குறைய 950 மில்லி. அதில் சுத்தச் சாராயம் 160 மில்லி. நூற்றுக்குப் பதினேழு! ஒரு சின்னத் தம்ளரில் 100 மில்லி குடித்தவர் 42 மில்லி விஸ்கி குடித்திருக்கிறார். நெஞ்சு எரியாது, முகம் சுளிக்காது. "இன்னும் கொஞ்சம்" என்று நாக்கு கேட்கும். பெரியவர்கள் பாடே இப்படி என்றால், ஃபிரிட்ஜைத் திறந்து, காப்பி நிறத்தில் பால் இருக்கிறதே என்று எடுத்துக் குடிக்கிற குழந்தையின் கதி?

உங்கள் மகனோ மகளோ வெளிநாட்டில் இருந்து, அண்டை வீட்டார் அன்பாக இப்படி ஒரு பாட்டிலைக் கொடுத்திருந்தால், கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என்று செய்தது? முட்டை உண்டா? சாராயம் எவ்வளவு? பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இது கூடவே கூடாது. மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக் கொள்ள வேண்டும். இதைக் குடித்துவிட்டுக் கார் ஓட்டவும் கூடாது. ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் இதை ஊற்றிப் பரிமாறுவதும் உண்டு. விரதக்காரரோ குடியை விட்டவரோ விருந்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டிலின்மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். பெயர், செய்த தேதி, "இதில் சாராயம் இருக்கிறது" என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. ஒட்டிய பிறகு, குழந்தையின் கைக்கு எட்டாத தட்டில், முடிந்தால் பூட்டி வையுங்கள். ரிப்பன் கட்டுவது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.