மஃரிபுக்குப் பிறகு மின்சாரம்

2024 மே 2 அன்று தமிழகத்தின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். இத்தகைய கோடையில் பகல் நேரத் தேவைக்குச் சோலார் நன்றாகவே கைகொடுக்கிறது. நம் வீட்டு ஏசியை ஓட வைக்கும் அதே வெயில்தான் கமுதியின் 648 மெகாவாட் நிலையத்தையும் ஓட்டுகிறது.

சிக்கல் மஃரிபில் தொடங்குகிறது. பாங்கு சொல்லும்போது சோலார் உற்பத்தி அனேகமாக நின்றிருக்கும். வீடுகளிலோ விளக்கும் ஏசியும் அப்போதுதான் ஒன்றாக ஓடும். இதைக் காட்டி, 'சோலாரை நம்ப முடியாது' என்கிறார்கள். நாம் இதை ஏற்கவில்லை. சூரியன் மறையும் நிமிடத்தை ஆண்டு முழுமைக்கும் அச்சிட்டுப் பள்ளிவாசல் சுவரில் மாட்டியிருக்கிறோமே! முன்பே தெரிந்த ஒன்றுக்கு ஏற்பாடு செய்யாதது திட்டமிடுவோரின் குறை. உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழிறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் கடம்பாறையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட இன்னொன்றோ ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது.

பள்ளிவாசல் மாடியில் பேனல் போட நினைக்கும் ஜமாஅத்தார் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு மட்டும் சேர்த்த பேனல், கரண்ட் போனால் நண்பகலிலும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. மின் கட்டணம் குறையும், உண்மைதான். கரண்ட் போன நேரத்திலும் தராவீஹில் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியின் விலையையும் சேர்த்தே வசூலுக்குத் திட்டமிடுங்கள்.