பட்டன் இருந்தா போதுமா?

போன பங்குனியில ஒரு நாள் மத்தியானம். மல்லாட்டைக் கொல்லையிலிருந்து வீட்டுக்குத் திரும்பறேன். ஈசிஆர் ரோட்டுல, உப்பளத்தை ஒட்டினாப்ல ஒரு பெரிய வேன் ஒரு பக்கமா சாய்ஞ்சு நின்னுது. சினிமாக்காரங்க கேரவன்னு நெனச்சுக் கிட்ட போனேன். இல்ல. சென்னையிலிருந்து வந்த குடும்பம். ரிட்டயர் ஆன சார் ஒருத்தர், பழைய வேனை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் வெச்சு வீடாவே மாத்தியிருக்கார். பின் டயர் ஒண்ணு வெடிச்சு நார்நாராக் கிடந்துது.

"வருஷத்துக்கு ரெண்டு தடவதாங்க வண்டியை எடுக்கறேன். மத்த டயரைப் பாருங்க, பட்டன் தேயவே இல்ல. எப்படிங்க வெடிக்கும்?"ன்னு கேட்டார்.

குனிஞ்சு டயர் பக்கவாட்டுல தேடினேன். ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள நாலு எண் இருந்துது: 1114. அதாவது 2014-ஆம் வருஷம், பதினோராவது வாரம் செஞ்ச டயர். "சார், டயர் ஓடித் தேயல. நின்னே கிழவனாயிடுச்சு"ன்னேன்.

இந்த நாலு எண்ணைப் படிக்க நான் சும்மா கத்துக்கல. மூணு வருஷம் முன்னாடி என் குட்டியானைக்கு டவுன்ல ஒரு கடையில பழைய டயர் வாங்கிப் போட்டேன். பட்டன் நல்லா இருந்துது, பாதி விலை. தர்பூசணி சீசன்ல லோடு இறக்கிட்டு வர்ற வழியில, உப்பள வேலை முடிஞ்சு நின்ன பொம்பளைங்க அஞ்சு பேரை ஏத்திக்கிட்டேன். சரக்கு வண்டியில ஆளை ஏத்தினது என் தப்பு, ஒத்துக்கறேன். கொஞ்ச தூரத்துலயே முன் டயர் வெடிச்சுது. வண்டி கவிழல, சாமி புண்ணியம். ஆனா எங்க அண்ணி கீழ விழுந்து மணிக்கட்டு முறிஞ்சுது. உப்புக் கூடை தூக்கற கை அது. மாவுக்கட்டோட ரெண்டு மாசம் வீட்டுல. உப்பு அள்ற சீசன் கூலி மொத்தமும் போச்சு. நான் டயர்ல மிச்சம் பிடிச்ச காசு ஆஸ்பத்திரிச் செலவுக்கே காணல.

அப்புறம்தான் பஞ்சர் கடைத் தம்பிகிட்ட உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ரப்பர் வெயில்லயும் காத்துலயும் வெடிச்சுப் போகாம இருக்க மெழுகு மாதிரி சரக்கெல்லாம் கலந்துதான் டயர் செய்யறாங்க. வண்டி ஓடினா டயர் மடங்கி நிமிர்ந்து அது மேல வந்துக்கிட்டே இருக்கும். நின்னுக்கிட்டே இருந்தா வராது. பக்கவாட்டுல மயிர் மாதிரி கீறல் விழும். எங்க ஊர்ல உப்புக் காத்து வேற. அது இரும்பு ரிம்மைத் துருப்பிடிக்க வெச்சு, டயர் உக்கார்ற இடத்துல காத்தைக் கசிய விடும். காத்து கொறைஞ்ச டயர், மேல முழு பாரம், கீழ கொதிக்கற தார் ரோடு. வெடிக்காம என்ன செய்யும்?

அதனால அந்த சாருக்கு நான் சொன்னது இதுதான். புது டயர் வாங்கப் போனா கம்பெனி பேரு அப்புறம். முதல்ல அந்த நாலு எண்ணைப் பாருங்க. கடையிலயே ரெண்டு வருஷம் கிடந்த டயரைப் புதுசுன்னு கொடுத்தா வேணாம்னு சொல்லுங்க. ரெண்டாவது, பாரம். டயர் அளவுக்குப் பக்கத்துல 104-ன்னு இருந்தா, சரியான காத்துல அந்த ஒரு டயர் 900 கிலோ தாங்கும்னு அர்த்தம். 100-ன்னா 800 கிலோதான். தண்ணித் தொட்டியில 200 லிட்டர் ரொப்பினாலே 200 கிலோ. தொட்டி, சிலிண்டர், பேட்டரி, வீட்டு ஜனம் எல்லாத்தோடயும் எடைமேடையில முன் சக்கரம் தனியா, பின் சக்கரம் தனியா எடை போட்டுட்டு டயர் வாங்குங்க. விலை கம்மின்னு கார் டயரை வேனுக்குப் போடாதீங்க. ஆறு வருஷத்துல மாத்திடுங்கன்னு சில வண்டிக் கம்பெனிகளே சொல்லுது. பத்து வருஷத்தைத் தாண்டவே கூடாதுன்னு டயர் கம்பெனிகள் சொல்லுது. பட்டன் எவ்ளோ இருந்தாலும் சரி.

சார் எல்லாத்தையும் போன்ல குறிச்சுக்கிட்டார். அப்புறம் கேட்டார்: "மீதி டயரைப் பழைய டயர் கடையில போட்டா ஏதாவது கிடைக்கும்ல?"

நான் எழுத உக்காந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

அந்த டயர் எங்க போகும்னு நெனக்கறீங்க? எங்க ஊருக்குத்தான் வரும். சவுக்குக் கட்டை ஏத்தற டிரெய்லருக்கு, நாத்து நட ஆள் கூட்டிப் போற வண்டிக்கு, என்னை மாதிரி ஆளோட குட்டியானைக்கு. 2022-ல மத்திய அரசு பழைய டயருக்கு ஒரு விதி கொண்டாந்திருக்கு. டயர் செய்யறவங்களும் இறக்குமதி பண்றவங்களும்தான் அதோட மறுசுழற்சிக்குப் பொறுப்பு. நல்லதுதான். ஆனா பழைய டயர் கடையில கை மாறி மறுபடி ரோட்டுக்கு வர்ற டயரை யார் பாக்கறா?

ஏழை விவசாயிக்கு மலிவா டயர் கிடைக்குதேன்னு நீங்க சொல்லலாம். மூணு வருஷ டயரைக் கொடுங்க, கும்பிட்டு வாங்கிக்கறோம். ரீபட்டன் டயரையும் நான் குறை சொல்லல, அரசு பஸ்ஸே அதுல ஓடுது. நான் சொல்றது ஆயுசு முடிஞ்ச டயரைத்தான். வாங்கறவன் எண்ணைப் பாத்து வாங்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. எனக்கே அம்பது வயசுக்கு மேல, ஒரு கை முறிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். காலாவதியான டயரைக் கழட்டினா, கடைக்காரர்கிட்ட சொல்லி உங்க கண்ணு முன்னாடியே பக்கவாட்டுல ஒரு அறுப்பு அறுக்கச் சொல்லுங்க. சில நூறு ரூபா நஷ்டம் வரும். பரவால்ல. அந்த சார் அதைத்தான் செஞ்சார். புது டயர் வந்து மாட்டினதும், மீதி மூணையும் தம்பியோட கத்தியை வாங்கித் தன் கையாலயே அறுத்தார். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்த எங்க அண்ணி ஒண்ணும் பேசல. அவருக்கு ஒரு பை உப்பு கொண்டாந்து கொடுத்துட்டுப் போனாங்க.