நாள்தோறும் ஒரு கோடு



சென்ற திங்கள் ஒரு தாய் எழுதிய மடல் என் மேசைமீது நெடுநாள் கிடந்தது. அவருடைய மகனுக்கு வயது பதினான்கு. சிறு பிராயத்திலிருந்தே ஓவியத்தில் நாட்டமுள்ளவன். அவனை நல்ல ஓவியனாக்க வேண்டும் என்னும் ஆவலில், தந்தை ஒரு கட்டளை பிறப்பித்திருக்கிறார். நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் அமர்ந்து, முழுமையான படம் ஒன்றை வரைந்து, இரவு உணவுக்கு முன் அவரிடம் காட்ட வேண்டும். ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டு படங்கள். தந்தை கொடியவர் அல்லர். ஓவியம் கைப்பழக்கத்தால் வருவது என ஔவையின் பெயரால் வழங்கும் வெண்பாவைத்தான் அவர் சான்றாகக் காட்டுகிறாராம்.

இரண்டு திங்களாக மகன் ஒரே படத்தையே வரைகிறான்: இரு மலைகள், நடுவே கதிரவன், ஒரு குடிசை, ஒரு தென்னை. கால் மணியில் முடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். முன்பெல்லாம் யாருக்கும் காட்டாமல் தனக்கென வரைந்துவந்த குறிப்பேட்டை இப்போது தொடுவதே இல்லை. "ஓவியன் என்றால் நாள் தவறாமல் வரைந்தே தீர வேண்டுமா?" என்று அத்தாய் கேட்கிறார்.

ஆம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. 1400ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் ஓவியர்க்கென ஒரு நூல் எழுதிய சென்னினோ சென்னினி, பயில்வோன் வேலை நாளாயினும் திருநாளாயினும் வரைதலை விடலாகாது என்கிறார். அவர் வகுத்த பயிற்சிக்காலம் ஏறத்தாழ 13 ஆண்டுகள். வண்ணத்தைத் தொடுமுன் ஓராண்டு கோடு மட்டுமே. கல்லையும் இரும்புக் கடப்பாரையையும் தூக்கினால் கை நடுங்கும், ஆகவே கையைக் காத்துக்கொள் என்றுகூட எழுதியிருக்கிறார். (கை நடுங்குவதற்கு அவர் கூறும் மற்றொரு காரணத்தை இக்குடும்ப இதழில் எழுதாமல் விடுகிறேன்.) கை பழகிய செயல் உறக்கத்தின்போது மூளையில் நிலைபெறுகிறது என்று இந்நாளைய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே ஞாயிறன்று மூன்று மணி நேரம் வரைவதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் வரைவதே நன்று. இதுவரை தந்தையின் கட்சியே வெல்கிறது.

ஆனால் சென்னினியின் மாணவன் எதன்மேல் வரைந்தான் என்பதையும் பார்க்க வேண்டும். எலும்புச் சாம்பலை எச்சிலில் குழைத்துப் பூசிய சிறு மரப்பலகை. அதன்மேல் வெள்ளி முனை கொண்ட எழுத்தாணி. பூச்சைப் புதுப்பித்தால் பழைய கோடு மறைந்து, அதே பலகை மறுபடியும் பயன்படும். அன்றாடப் பயிற்சி பாதுகாத்து வைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. நம் தெருக்களில் வைகறையில் கோலமிடும் பெண்களும் இதை நன்கு அறிவார்கள். பொழுது சாய்வதற்குள் கால்பட்டு அழிந்துபோகும் என்று தெரிந்தேதான் இடுகிறார்கள். நேற்றைய கோலத்துக்கு மதிப்பெண் போடுவார் எவருமில்லை. அந்தக் கைகள் தரையில் இழுக்கும் வளைகோட்டின் உறுதியோ ஓவியம் கற்றவர்களையும் நாணச் செய்யும்.

மகன் இப்பத்தியைப் படிப்பானாயின் அவனுக்குப் பிடித்தமான ஒரு கதையும் உண்டு. மிலான் நகரில் சாமிநாதர் சபைத் துறவியரின் உணவறைச் சுவரில் லியனார்டோ டா வின்சி இறுதி இராவுணவைத் தீட்டிய காலம், 1495 முதல் 1498 வரை எனலாம். பின்னாளில் ஆயரான மத்தேயோ பந்தெல்லோ இளமையில் அதை நேரில் கண்டு எழுதி வைத்திருக்கிறார். சில நாட்களில் லியனார்டோ கதிரவன் எழும்போது சாரத்தில் ஏறினால், உணவும் நீரும் மறந்து, இருட்டும் வரை தூரிகையைக் கீழே வைக்க மாட்டாராம். பிறகு இரண்டு, மூன்று, நான்கு நாட்கள் வண்ணத்தையே தொடமாட்டார். ஓரிரு மணி நேரம் சுவரின் முன் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். இதைக் கண்ட மடத்துத் தலைவர் பொறுமையிழந்து கோமகனிடம் முறையிட்டார் என்று வசாரி எழுதுகிறார். லியனார்டோ கோமகனிடம் அளித்த விடை: ஓவியன் கை ஓய்ந்திருக்கும் வேளையிலும் உள்ளத்தால் உழைக்கிறான், யூதாசின் முகம் இன்னும் அமையவில்லை, கிடைக்காவிட்டால் அவசரப்படுத்தும் இத்தலைவரின் முகத்தையே வைத்துவிடலாம். கோமகன் சிரித்துவிட்டாராம்.

எனினும் தம்பி, அவ்வாறு சும்மா நின்றவர் நாற்பது வயதைக் கடந்தவர். இளமையில் வெரோக்கியோவின் பட்டறையில் பயின்றவர். தெருவில் காணும் மனிதரின் முகத்தையும் அசைவையும் குறித்துக்கொள்ளச் சிறு ஏடு ஒன்றை எப்போதும் உடன் வைத்திருக்குமாறு பிற ஓவியர்க்கு அறிவுரை எழுதியவர். வரைந்து வரைந்து நிறைந்த கைக்கே அந்த ஓய்வு உரியது.

அப்படியானால் அந்த ஒரு மணி நேரக் கட்டளை சரிதானா? எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியில் அடோல்ப் மென்செல் என்றோர் ஓவியர், 1815 முதல் 1905 வரை வாழ்ந்தவர். பதினாறு வயதில் தந்தையை இழந்து, அவர் விட்டுச்சென்ற அச்சுத் தொழிலை ஏற்றுத் தாயையும் உடன்பிறந்தோரையும் காத்தவர். அவருக்கு மாலையில் ஒரு மணி நேரத்தை யார் ஒதுக்கித் தந்தார்கள்? அவருடைய மேலங்கியில் எட்டுப் பைகள் இருந்தன; அவற்றுள் பல வரைவேடுகளால் நிரம்பியவை. விருந்திலும் வழிப்பயணத்திலும் கண்ணில் பட்டதை இடக்கையாலோ வலக்கையாலோ வரைந்துகொண்டார். கலைந்த படுக்கை கூட அவருக்குப் போதிய பொருளாயிற்று.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1760இல் பிறந்தவர். 1839இல் அவர் வீட்டில் தீப்பற்றி, பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த வரைவுகள் அழிந்தன. அப்போது வயது எழுபத்தொன்பது. 1842, 1843ஆம் ஆண்டுகளில் அம்முதியவர் காலைதோறும் ஒரு சிங்கத்தை, அல்லது சிங்க வேடமிட்டு ஆடுபவனை, தூரிகையால் விரைந்து தீட்டினார். தீங்கு அண்டாதிருக்க அது அவர் கண்ட வழி. தீட்டியதைக் கசக்கி வெளியே எறிந்துவிடுவார் என்று சொல்லப்படுகிறது. இருநூறுக்கு மேற்பட்டவை எப்படியோ தப்பி இன்றும் இருக்கின்றன. ஒரு சிங்கம் ஓடுகிறது, ஒன்று ஆடுகிறது. எதுவும் முந்திய நாளின் நகல் அன்று.

அந்தச் சிறுவனின் தென்னை மட்டும் ஏன் அறுபது நாளும் அசையாமல் நிற்கிறது? அதைத் தந்தைக்காக அவன் வரைகிறான். சினம் வராத ஒரு படத்தைக் கண்டுபிடித்துவிட்டான், அதையே மீண்டும் கொடுக்கிறான். ஐயா, நாள்தோறும் வரையட்டும். நாள்தோறும் காட்ட வேண்டாம். முழுப்படமும் வேண்டாம். உண்ட தட்டு, அவிழ்த்துப் போட்ட செருப்பு, உறங்கும் தங்கையின் கை, இவற்றில் ஒன்றைப் பத்து நிமிடம் வரைந்து அவனே கிழித்தெறிந்தாலும் கேட்காதீர்கள். தவறிய நாளுக்குத் தண்டம் விதிப்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அம்மா, அவனுடைய பழைய குறிப்பேடு எங்கே கிடக்கிறது என்று நீங்கள் அறிவீர்கள். அதை அவன் கையில் கொடுக்க வேண்டாம். நன்றாகச் சீவிய பென்சில் ஒன்றுடன் அவன் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, உங்கள் வேலையைப் பாருங்கள்.