புளியந்தோப்புக்கும் பிறந்த நாள் வேண்டும்!

ஆகஸ்ட் 22 வந்தால் போதும், 'சென்னை தினம்' என்று பேப்பரில் படம் படமாகப் போடுகிறார்கள். 1639-ல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர், கடலோரத்து மணல் திட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த நாளாம். 2004-ல் எஸ். முத்தையா முதலான சரித்திர ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து இந்த விழாவைத் தொடங்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கோட்டை, மயிலாப்பூர், மெரினா என்று சுற்றுகிறவர்கள், வடசென்னைப் பக்கம் வந்தால் பெரும்பாலும் ராயபுரம் ரயில் நிலையத்தோடு திரும்பி விடுகிறார்களே, ஏன்?

பத்திரம் எழுதின நாள்தான் ஊர் பிறந்த நாளா? திருவொற்றியூர், சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தலம். கோட்டையை விட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் மூத்தது. அதுவே எண்ணூர், வியாசர்பாடியோடு 1708-ல்தான் கம்பெனி கணக்கில் சேர்ந்தது. எங்கள் பக்கத்துப் பெரம்பூர் 1742-ல். ரேஷன் கார்டில் பேர் சேர்த்த தேதியையா நம் பிள்ளைகளுக்குப் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறோம்?

புளியந்தோப்பு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஆட்டுத்தொட்டியும் அடிதடியும்தான் ஞாபகம் வரும். சினிமாவும் அப்படித்தான் காட்டுகிறது. அதனால் பெண் பார்க்க வருகிறவர்களிடம் பல வீடுகளில் "பெரம்பூர் பக்கம்"னு சொல்லி சமாளிக்கிறாங்க. வேலைக்கு மனுப் போடும் பிள்ளை விலாசம் எழுதக் கூசுகிறது. சொந்த ஊர்ப் பேரைச் சொல்லக் கூசுகிற பிள்ளை எப்படித் தலை நிமிரும்?

ஆனால் இந்த மண்ணின் கதை சாமானியமா? பக்கிங்காம் மில் 1876-லும் கர்நாடிக் மில் 1881-லும் வந்தன. பட்டாளத்துக்கே காக்கித் துணி நெய்து கொடுத்த மில்கள். அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற அது, இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று.

கசப்பான பக்கமும் உண்டு. 1921 வேலைநிறுத்தத்தில் வேலைக்குப் போனவர்கள், போகாதவர்கள் என்று ஜனங்கள் பிரிந்து, அது சாதிச் சண்டையாக மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இதை மூடி மறைத்து விழா எடுக்கக் கூடாது. அக்கம்பக்கத்துக்குள்ளே பிளவு வந்தா லாபம் யாருக்குன்னு பிள்ளைகளுக்குத் தெரியணுமில்லையா?

மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆன அதே 1996-ல்தான் மில்லும் மூடப்பட்டது. பேர் மாற்றத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மில் சங்கு சத்தத்தைக் கணக்கு வைத்து உலை ஏற்றிய பெண்களை யார் நினைக்கிறார்கள்? சங்கு நின்ற பிறகு தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்து, இட்லிக் கடை போட்டு, பத்துப் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் எங்கள் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கதை எந்தக் கண்காட்சியில் இருக்கிறது?

"மழை பெஞ்சா முழங்கால் தண்ணி நிக்குது, இதுல விழா ஒரு கேடா?" என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தன் ஊரின் பெருமை தெரிந்தவள்தான், "எங்களுக்கு ஏன் கால்வாய் சரியில்லை?" என்று அதிகாரி முன்னால் நிமிர்ந்து கேட்பாள்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். பந்தலும் மைக் செட்டும் வேண்டாம். ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவுக்கு நாலு பெண்கள் சேர்ந்து வயசானவர்களிடம் உட்கார்ந்து, கேட்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பரணில் கிடக்கும் பழைய மில் அடையாள அட்டை, சங்கக் கூட்டத்து போட்டோ இருந்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பார்வைக்கு வையுங்கள். மாநகராட்சி மனசு வைத்து, மில் இருந்த இடத்தில் அதன் வரலாற்றைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று நட்டால் இன்னும் சந்தோஷம்.

பாட்டிமார்களுக்கு வயசாகிக்கொண்டே போகிறது, சகோதரிகளே. அடுத்த ஆகஸ்ட் வரை தள்ளிப் போட வேண்டாம்.

– ஓர் இல்லத்தரசி, புளியந்தோப்பு, சென்னை-12.