கணவரோடு போனவர்

உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் ‘ஒடு’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபைப் பற்றித் தொல்காப்பியம் ஒரு விதி சொல்கிறது. இருவர் சேர்ந்து ஒரு வினையைச் செய்யும்போது, அவர்களில் உயர்ந்தவரின் பெயரோடுதான் ‘ஒடு’ சேர வேண்டும். அரசனோடு சேவகர் வந்தார் எனலாம். சேவகரோடு அரசன் வந்தான் எனலாகாது. இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். இன்னொரு எடுத்துக்காட்டு கேட்டால், ‘கணவனோடு மனைவி சென்றாள்’ என்று மாணவிகள் யோசிக்காமல் சொல்கிறார்கள். யாரும் சொல்லித்தராமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, யார் உயர்ந்தவர் என்று.

மிஷனரி வரலாறுகள் இந்த ஒரே உருபின் மேல் எழுதப்பட்டவை என்பது என் குற்றச்சாட்டு. அவர் போனார், கட்டினார், மொழிபெயர்த்தார். அவரோடு மனைவியும் போனார். போனவர் அங்கே என்ன செய்தார்? அதற்கு வினைச்சொல் கிடையாது. இருந்தால் ‘துணை நின்றார்’ என்ற ஒன்றுதான்.

மெக்சிகோவிலிருந்து ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். 1935இல் அமெரிக்க மிஷனரி கேமரன் டவுன்சென்ட், மொரேலோஸ் மாநிலத்தில் நவாட்டில் மொழி பேசும் பழங்குடி ஊரான டெட்டெல்சிங்கோவில் குடியேறினார். ஊர்ச் சதுக்கத்தில் நிறுத்திய இழுவை வண்டிதான் வீடு. சதுக்கத்திலேயே காய்கறித் தோட்டம் போட்டார், நவாட்டில் படித்தார். 1936 ஜனவரியில் குடியரசுத் தலைவர் லாசரோ கார்டெனாஸே அங்கு வந்து பார்த்தார். பின்னாளில் உலகெங்கும் பரவிய கோடைகால மொழியியல் நிறுவனம் வேர்விட்ட இடங்களில் அந்தச் சதுக்கமும் ஒன்று. வண்டி, தோட்டம், கார்டெனாஸ் மூன்றும் டவுன்சென்டின் வரலாற்றில் மறக்காமல் இடம்பெறும்.

அந்த வண்டிக்குள் இருந்தவர் எல்விரா. சிகாகோவிலிருந்து குவாத்தமாலாவுக்குத் திருமணத்துக்கு முன்பே, தானே ஒரு மிஷனரியாகப் போனவர் அவர். யாரோடும் போகவில்லை. 1919இல் திருமணம் நடந்தது. அன்றிலிருந்து ‘ஓடு’ ஒட்டிக்கொண்டது. டெட்டெல்சிங்கோவுக்கு வரும்போது அவருக்கு இதய நோய். லத்தீன் அமெரிக்க மக்களிடம் மரியாதையாகப் பழகும் முறை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அடுத்தவர் நாட்டில் போய் இறங்குகிறவர்களுக்கு இதைவிட அவசியமான புத்தகம் என்ன இருக்கிறது? 1944இல் இறந்தார். கணவரின் வாழ்க்கைக் கதையில் எல்விராவின் முதன்மையான பங்கு, நோயாளியாக இருந்ததுதான்.

நோயாளி மனைவியை யார் பார்த்துக்கொண்டது? டவுன்சென்டின் சகோதரி மகள் ஈவ்லின் கிரிசெட். ஓர் இளம்பெண், மாமன் குடும்பத்துக்கு ஒத்தாசையாக மெக்சிகோ வந்தார். ஒத்தாசை! நம் வீடுகளில் இந்தச் சொல்லின் எடை எவ்வளவு என்று பெண்களுக்குத் தெரியும். படித்த பெண்ணைக் கூப்பிட்டுச் சம்பளமில்லாத வேலையில் அமர்த்த இதைவிட இனிமையான சொல் இல்லை. அதே ஈவ்லின் 1938இல் மொழியியலாளர் கென்னத் பைக்கை மணந்தார். 1977இல் ‘இலக்கணப் பகுப்பாய்வு’ என்ற நூல் கென்னத் பைக், ஈவ்லின் பைக் என்ற இரு பெயர்களில் வெளிவந்தது. சதுக்கத்து வண்டிக்கும் அட்டைப் பெயருக்கும் இடையில் நாற்பது ஆண்டுகள். மூளை அன்றைக்கும் அதேதான் இருந்தது.

கென்னத்தின் தங்கை யூனிஸ் பைக் இன்னொரு சாட்சி. திருமணமாகாத யூனிஸும் ஃபுளோரன்ஸ் ஹான்சனும் 1936இல் ஓஹாகா மலைகளில், மசாடெக் மொழி பேசும் ஹுவாட்லா டி ஹிமேனெஸ் ஊருக்குப் போனார்கள். இரு பெண்கள் ஒரு வீடு. யாருக்கும் யாரும் ‘ஓடு’ இல்லை. மசாடெக் அசைகளைப் பற்றி அண்ணனும் தங்கையும் சேர்ந்து 1947இல் எழுதிய கட்டுரையை மொழியியல் படித்தவர்கள் இன்றும் அறிவார்கள். திருமணமாகாத பெண்ணுக்கு வினைச்சொல் கிடைத்தது. திருமணமானவருக்குக் கிடைக்க நாற்பது ஆண்டு ஆனது. திறமையில் அல்ல, அடுப்பில்தான் வேறுபாடு.

இங்கே நிறுத்திக்கொண்டால் இது மேட்டுக்குடிப் பெண்ணியமாகிவிடும். மறைக்கப்பட்ட மிஷனரி மனைவியை மீட்டு நாயகியாக்கும் புத்தகங்கள் ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த வேலையில் நான் சேர மாட்டேன். அந்த வண்டிக்கு வெளியே டெட்டெல்சிங்கோவின் பெண்கள் இருந்தார்கள்.

அவர்களுடைய ஒரு நாள் எப்படி இருந்தது? சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து இரவெல்லாம் ஊறவைப்பார்கள். விடியுமுன் எழுந்து, கல்லின் முன் மண்டியிட்டு, அதை மாவாக அரைப்பார்கள். தட்டி, மண் ஓட்டில் சுடுவார்கள். குடும்பம் முழுவதற்கும் டோர்ட்டியா செய்ய நாளுக்கு நான்கைந்து மணி நேரம் போய்விடும். மெக்சிகோ நாட்டுப்புறத்தில் பெண் என்றால் முழங்காலும் கல்லும்தான். ஜெபத்துக்காக மண்டியிடச் சொல்லித்தர வந்தவர்களின் கண்ணில், ஏற்கெனவே மண்டியிட்டிருந்த இந்தப் பெண்கள் எப்படித் தெரிந்திருப்பார்கள்?

அரவை இயந்திரம் வந்தபோது என்ன நடந்தது என்பது பதிவாகியிருக்கிறது. அதே மொரேலோஸில் இருக்கும் டெபோஸ்ட்லான் ஊரைப் பற்றி மானிடவியலாளர் ஆஸ்கர் லூயிஸ் 1951இல் எழுதினார். 1920களில் அங்கே ஆலை வந்தபோது ஆண்கள் எதிர்த்தார்கள். மாவின் சுவை கெடும், பெண்களுக்கு நேரம் மிஞ்சினால் ஊர்சுற்றிக் கெட்டுப்போவார்கள் என்றார்கள். பெண்கள் விடவில்லை; ஆலை ஜெயித்தது. அந்தப் பெண்களுக்கு விடுதலையின் முதல் சத்தம் பிரசங்கமாக வரவில்லை, மாவாட்டும் இயந்திரமாக வந்தது. கார்டெனாஸ் ஆட்சியில் பெண்கள் சங்கம் கட்டி ஆலை கேட்டார்கள். அதே கார்டெனாஸ் 1937இல் முன்மொழிந்த பெண் வாக்குரிமையோ நடைமுறைக்கு வராமல் கிடந்து, 1953இல்தான் நாடு முழுவதற்கும் கிடைத்தது.

டவுன்சென்டுக்குப் பின் டெட்டெல்சிங்கோவில் வேலை செய்த ஃபாரஸ்ட் புருவர், ஜீன் புருவர் தம்பதி 1962இல் அவ்வூர் நவாட்டிலுக்கு ஓர் அகராதி வெளியிட்டார்கள். இந்த முறை மனைவி பெயரும் அட்டையில் உண்டு; நல்லது. ஆனால் ஒரு மொழியின் அடுப்பங்கரைச் சொற்கள் யார் வாயிலிருந்து வருகின்றன? மெட்லட்ல் என்னும் அரைகல்லையும் கோமல்லி என்னும் சுடும் ஓட்டையும் நாள்தோறும் கையாண்டவர்கள் பெண்கள். மொழியைக் கொடுப்பவருக்கு மொழியியல் வைத்திருக்கும் பெயர் ‘தகவலாளி’. அட்டையில் பெயர் வருவது கேட்டவருக்கு. சொன்னவர் நன்றியுரையில் ஒரு வரியாக நின்றால் அதிர்ஷ்டம். மிஷனரி வீடுகள் பலவற்றில் துணி துவைத்துப் பாத்திரம் கழுவி, அந்த வீட்டுப் பெண்ணுக்கு எழுதும் நேரத்தைச் சம்பாதித்துத் தந்த உள்ளூர்ப் பெண்ணுக்கு அந்த ஒரு வரியும் இல்லை. அவளுக்கு ‘ஓடு’கூட இல்லை. அவள் யாரோடும் சென்றவள் அல்லள், அங்கேயே இருந்தவள்.

இடதுசாரித் தோழர்கள் உடனே 1979ஐ நினைவூட்டுவார்கள். அந்த ஆண்டு மெக்சிகோ மானிடவியலாளர்கள் இந்த நிறுவனத்தின் மீது ஏகாதிபத்தியக் கைக்கூலி என்று குற்றஞ்சாட்டினார்கள்; அரசும் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. பழங்குடி மக்களின் மொழிக்கும் ஆன்மாவுக்கும் வெளியிலிருந்து ஒருவர் காவலராவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் அரசு, மூலதனம், பண்பாடு என்று பெரிய சொற்களால் நடந்த அந்தச் சண்டையில் ‘வீடு’ என்ற சின்னச் சொல் அதிகம் கேட்கவில்லை. புகழ்பவருக்கும் அவர் வீரர். இகழ்பவருக்கும் அவரே வில்லன். இரண்டு கதையிலும் சோறு தானாகவே வெந்துவிடுகிறது.

இது பழங்கதையும் அல்ல. வீட்டுப் பணியாளர்களைக் கட்டாயச் சமூகக் காப்பீட்டுக்கு வெளியே வைத்தது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று மெக்சிகோ உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 டிசம்பரில்தான். அவர்கள் செய்வதும் வேலைதான் என்று ஒப்புக்கொள்ள ஒரு குடியரசுக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

தமிழ்த் துறைக்காரர்கள் இதை மெக்சிகோ சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. 1856இல் வந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தை நாம் பாடமாக வைத்திருக்கிறோம். நாகர்கோவிலில் வளர்ந்து, தமிழை நன்றாகப் பேசி, இடையன்குடியில் பெண்களுக்குப் பின்னல் வேலை கற்றுக்கொடுத்த எலைசா கால்டுவெல்லை எத்தனை பாடத்திட்டங்களில் வைத்திருக்கிறோம்? அந்தப் பின்னலை விரல் நோகப் பின்னிய பெண்களின் பெயர்களை எங்கே வைத்திருக்கிறோம்?

ஆய்வு மாணவிகளே, இனி ஒரு பெரிய மனிதரின் வரலாறு உங்கள் கைக்கு வந்தால் மூன்று கேள்விகளை ஓரத்தில் எழுதுங்கள். அன்றைக்கு யார் சமைத்தது? சமைத்தவருக்குப் பதிலாக அவர் வீட்டில் யார் சமைத்தது? இருவருக்கும் எவ்வளவு கூலி? விடை கிடைக்காத இடத்தில் ‘தரவு இல்லை’ என்று முடித்துவிடாதீர்கள். தரவை யார் எழுதாமல் விட்டார்கள் என்று எழுதுங்கள். ஆய்வேட்டு நெறியாளர் அடித்தால் மறுபடியும் எழுதுங்கள்.