எல்லாரும் இங்க பாருங்க!

மாடி போர்ஷனில் குடியிருக்கும் பாங்க் தம்பிக்குத் தை மாசம் கல்யாணம். போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் பேப்பரும் காபியுமாக உட்கார்ந்திருந்தபோது படியிறங்கி வந்தான். முகத்தில் கல்யாணக் களை, கையில் ஒரு கொட்டேஷன்.

"அண்ணே, போட்டோவுக்கு ஒருத்தர் பேக்கேஜ் சொல்லியிருக்கார். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். 'கேண்டிட் போட்டோகிராபர் ஒருவர், ட்ரெடிஷனல் ஒருவர், வீடியோ இருவர், ட்ரோன் ஒன்று, 40 ஷீட் ஆல்பம், காபி மக் இரண்டு.' நான் பி.காம். எந்தக் கொட்டேஷனைப் பார்த்தாலும் கண் நேராகக் கடைசி வரிக்குத்தான் போகும். போனது. காபி ஆறிவிட்டது.

"ட்ரோன் எதுக்குப்பா? கல்யாணம் மண்டபத்துக்குள்ளதானே?"

"மண்டபத்தை மேலேர்ந்து எடுப்பாங்களாம்ணே."

"மேலேர்ந்து பார்த்தா தண்ணி டாங்க்தான் தெரியும். அது போகட்டும். யார் யாரையெல்லாம் எடுக்கணும்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

"அதெல்லாம் அவங்களுக்கே தெரியாதாண்ணே?"

தெரியாது தம்பி. அதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

2016-ல் என் கல்யாணம். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். நான் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி மட்டும் பதினேழு படம். வானத்தில் என்ன இருந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து அப்பத்தா போய்ச் சேர்ந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். "உன் கல்யாண போட்டோல நல்லதா ஒண்ணு பார்த்து எடுடா" என்றார் அப்பா. ராத்திரி முழுக்க ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்தேன். நாலாயிரத்தில் மூன்று படத்தில் இருந்தது அப்பத்தா. ஒன்றில் பெரிய மாமாவின் தோளுக்குப் பின்னால் அரை முகம். இன்னொன்றில் பந்தியில் குனிந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தது. மூன்றாவதில் அட்சதை தூவுகிற கை மட்டும். மணிக்கட்டில் இருந்த பச்சையை வைத்துத்தான் அது அப்பத்தா கை என்றே கண்டுபிடித்தேன்.

அப்பா கல்யாண ஆல்பத்தில் நல்ல படம் இருக்கிறதுதான். ஆனால் அதில் அப்பத்தாவுக்கு நாற்பது வயசு. அதை மாட்டினால் காரியத்துக்கு வந்தவர்கள், "இது யாரு?" என்று கேட்பார்கள். கடைசியில் வாக்காளர் அடையாள அட்டைப் படத்தைப் பெரிது பண்ணி மாட்டினோம். அந்த அட்டையில் யார்தான் தன்னைப் போல் இருக்கிறார்கள்? அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போட்டோகிராபர் மேல் தப்பே இல்லை. அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. மேடைக்கு ஏழு படி, கைப்பிடி கிடையாது. அதனால் ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தது. மேடைக்கு வந்தவர்களை எல்லாம் அவர் எடுத்தார். வராதவரை எடுக்கச் சொல்ல ஆள் இல்லை. சொல்ல வேண்டியவன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆகவே கல்யாணம் நிச்சயமான கல்யாணராமன்களே, முதல் வேலை கேமரா இல்லை. ஒரு வெள்ளைத் தாள்.

அதில் பெயர்களை எழுதுங்கள். மேடையேற முடியாதவர்கள் முதலில். அவர்களிடம் போட்டோகிராபர் போக வேண்டும், நீங்களும் மாலையோடு இறங்கிப் போக வேண்டும். இதை முகூர்த்தம் முடிந்த கையோடு செய்யுங்கள். 'அப்புறம்' என்றால் பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

அடுத்து குரூப் போட்டோ. ஒரு குடும்பத்தை மேடையேற்றி, வரிசையாக நிறுத்தி, 'சித்தப்பா எங்கே?' என்று தேடி, கை கழுவப் போனவரைப் பிடித்து வந்து, கிளிக் பண்ணி இறக்க மூன்று நிமிஷம் என்று வையுங்கள். இருபது குரூப் என்றால் ஒரு மணி நேரம். நாற்பது என்றால் இரண்டு மணி நேரம். ரிசப்ஷனே மூன்று மணி நேரம்தான். கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள் இருபதோடு நிறுத்துங்கள். இரண்டு வீட்டிலும் முகம் தெரிந்த, குரல் உள்ள ஒருவரிடம் லிஸ்ட்டைக் கொடுத்து போட்டோகிராபர் பக்கத்தில் நிற்க வையுங்கள். எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார். வேறு வேலை கொடுத்தால் சண்டை வரும். இந்த வேலைக்குப் பொருத்தம்.

இனி தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் கேட்டதும் முன்வரிசை மொத்தமும் எழுந்து செல்போனைத் தூக்கும். காசு கொடுத்து அமர்த்திய ஆளுக்குத் தெரிவது இருபது முதுகு. முதல் நாளே நெருங்கிய சொந்தத்திடம், "உட்கார்ந்தே எடுங்க, படம் எல்லாருக்கும் அனுப்பறேன்" என்று சொல்லி வைக்கலாம். புரோகிதரிடமும் ஒரு வார்த்தை, பணிவாக. முக்கியமாக மாப்பிள்ளை அவசரப்படக் கூடாது. யாரும் எங்கேயும் ஓடிவிட மாட்டார்கள். நிதானமாகக் கட்டினால் போட்டோகிராபருக்கு நாலு படம் அதிகம் கிடைக்கும். நாத்தனார் முடிச்சுப் போடும் வழக்கமுள்ள வீடு என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது நடப்பது மணப்பெண்ணுக்குப் பின்னால். அங்கே ஒரு கேமரா வேண்டும்.

"சரிண்ணே, நானும் ஒரு கேமரா வாங்கியிருக்கேன். ஃப்ரெண்ட் கல்யாணத்துல எடுத்தேன். எல்லாம் ஆடிப்போய் இருக்கு" என்றான் தம்பி.

நியாயம்தான். நம் மண்டபங்கள் கண்ணுக்கு வெளிச்சம், கேமராவுக்கு இருட்டு. மனிதர்கள் அசைகிற இடத்தில் ஷட்டர் வேகம் 1/200 அளவுக்காவது வேண்டும். அதற்கு ஐ.எஸ்.ஓ.-வை 1600, 3200 என்று ஏற்றப் பயப்படாதீர்கள். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மன்னிக்கலாம். ஆடிப்போன முகத்தை எந்த சாஃப்ட்வேரும் சரியாகத் திருத்தித் தராது. தனி முகத்துக்கு எஃப் 2, எஃப் 2.8 என்று லென்ஸைத் திறந்து வையுங்கள், பின்னணி மங்கி முகம் எடுப்பாக வரும். மூன்று வரிசை குரூப்புக்கு அதே எண்ணை வைத்தால் பின்வரிசை மாமாக்களும் மங்கிப் போவார்கள். அங்கே எஃப் 5.6, அல்லது 8. எப்போதும் ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். நகையில் அல்ல.

சில படங்களில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். கேமரா ரிப்பேர் என்று கடைக்கு ஓட வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். அந்த நேரத்தில் மட்டும் ஷட்டரை 1/100-க்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கையை ஆட்டாமல், ஆட்கள் அசையாத நேரம் பார்த்து எடுங்கள்.

இன்னொரு வில்லன் டெகரேஷன் லைட். ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் மஞ்சள், எதிரே வீடியோக்காரரின் வெள்ளை. மணப்பெண் முகத்தில் மூன்று நிறமும் ஒரே சமயத்தில் விழுந்தால் அழகுக்கலை நிபுணர் இரண்டு மணி நேரம் பட்ட பாடு வீண். முகூர்த்த நேரத்தில் கலர் லைட்டை அணைக்கச் சொல்லுங்கள். பைசா செலவில்லாத யோசனை. 'ரா' ஃபைலாக எடுத்தால் நிறத்தைப் பிறகு கொஞ்சம் திருத்த முடியும். ஹோமப் புகை நடுவே ஃபிளாஷை நேராக அடிக்காதீர்கள். வெளிச்சம் புகையில் பட்டுத் திரும்பி, மாப்பிள்ளை பனிமூட்டத்தில் உட்கார்ந்த மாதிரி இருப்பார். கூரை வெள்ளையாக, தாழ்வாக இருந்தால் ஃபிளாஷை மேலே திருப்பி அடிக்கலாம்.

கேமரா இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். செல்போனே போதும். மூன்றே விதி. லென்ஸைத் துடையுங்கள், பாதிப் படங்கள் மங்குவது பஜ்ஜி எண்ணெயால்தான். விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் இரண்டு அடி முன்னால் நடந்து போய் எடுங்கள். வைட் லென்ஸில் குரூப் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர் அகலமாகத் தெரிவார். அங்கே அத்தையை நிறுத்திவிட்டு அப்புறம் என்னிடம் வராதீர்கள்.

பயிற்சிக்கு ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு ஜன்னல் பக்கம் அம்மாவை உட்கார வைத்து எடுங்கள். வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்போது முகம் எப்படி உயிர் பெறுகிறது என்று பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும். அம்மாவும் சந்தோஷப்படுவார், அரிசி களைந்துகொண்டே.

அடுத்து காகித விவகாரம். கொட்டேஷனில் காபி மக் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள். திருத்திய படங்கள் எத்தனை, என்றைக்குக் கிடைக்கும்? மற்ற படங்களையும் தருவார்களா? கேமராவில் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிகிறார்களா? நேரில் வந்து எடுக்கப் போவது யார், சாம்பிள் ஆல்பம் காட்டியவரா, அவருடைய அசிஸ்டென்ட்டா? பணத்தில் கடைசித் தவணை ஆல்பம் கைக்கு வந்த பிறகு.

இன்னொரு சங்கதி. 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவு. நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் நீங்கள்தான். அந்த 'வேறு ஒப்பந்தம்' பொடி எழுத்தில் எங்காவது இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விளம்பரத்தில் உங்கள் மனைவி முகம் வருவதும் வராததும் அந்த வரியில் இருக்கலாம்.

படங்கள் வந்ததும் மூன்று காப்பி. ஒன்று உங்களிடம், ஒன்று கிளவுடில், ஒன்று மாமனார் வீட்டில். ஹார்ட் டிஸ்க் சொல்லிக்கொண்டு சாகாது.

1975-ல் கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இன்ஜினீயர் செய்த டிஜிட்டல் கேமரா, ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. இன்றைக்கு விநாடிக்கு இருபது படம் எடுக்கிற கேமராக்கள் இருக்கின்றன. 1985-ல் என் அப்பா கல்யாணத்தில் வாங்கியது இரண்டே ஃபிலிம் சுருள். சுருளுக்கு 36, ஆக மொத்தம் 72 படம். ஒவ்வொரு தடவை அமுக்குவதற்கு முன்னாலும், 'யாராவது விட்டுப் போச்சா?' என்று கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் நாலாயிரம் படம் இருந்தது. அந்தக் கேள்வி இல்லை.

2022-ல் என் தம்பி கல்யாணம். இந்த முறை வெள்ளைத் தாள் என் சட்டைப் பையில். முதல் பெயர், அம்மாச்சி. போட்டோகிராபர் பையன் மேடையிலிருந்து இறங்கி வந்து, "பாட்டி, இங்க பாருங்க" என்றான். "எனக்கெதுக்குய்யா போட்டோ, போயி புள்ளைகள எடு" என்று விரட்டியது அம்மாச்சி. அவன் போகவில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "எந்த ஊரு பாட்டி உங்களுக்கு?" என்று ஆரம்பித்தான். ஊர்க்கதை பாதியில் இருக்கும்போது அம்மாச்சி எதற்கோ வாய்விட்டுச் சிரித்தது. கிளிக்.

அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. அம்மாச்சியும் திடமாக இருக்கிறது. வரும்போதெல்லாம் அதைப் பார்த்து, "பல்லு செட்டை மாட்டச் சொல்லிட்டு எடுத்திருக்கலாம்லடா" என்று என்னைத் திட்டும். திட்டு வாங்கச் சுகமாக இருக்கிறது.

சாயந்திரம் பாங்க் தம்பி மறுபடி இறங்கி வந்தான். கொட்டேஷனில் ட்ரோனை அடித்திருந்தான். பின்பக்கம் லிஸ்ட் எழுதியிருந்தான். முதல் பெயர், 'ராமாயி ஆயா'.

"யாருப்பா இது?"

"சின்ன வயசுல அம்மா வேலைக்குப் போனப்போ என்னைப் பார்த்துக்கிட்டவங்கண்ணே. சொந்தம் இல்ல. லிஸ்ட் எழுத உட்கார்ந்தப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. இன்னும் பத்திரிகையே வைக்கல. நாளைக்குப் போறேன்."

போட்டோ யோசனை பத்திரிகையில் போய் முடிந்திருக்கிறது. நல்ல வேளை, தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது.

"அந்தக் காபி மக்கையும் அடிச்சிடவாண்ணே?"

"அதை விட்டுடு. ஒண்ணை எனக்குக் கொடுத்துடு. காலையில ஆறிப்போன காபிக்கு நஷ்ட ஈடு!"